ஒட்டிக்கொண்ட ஐந்து இதழ்கள்

“ரெண்டே ரெண்டு சொட்டுதான் விட்டேன்.”

“ரெண்டா! மாமா, இதுல ஒரு சொட்டுகூட விடக்கூடாது. பாதிச் சொட்டுகூட.”

“ரெண்டு சொட்டு தாங்காத மிஷின் உலகத்துல கிடையாது, ஊசி.”

“இது தையல் மிஷின் இல்ல.”

“பல்சக்கரம் இருக்கு, ஸ்பிரிங் இருக்கு. தையல் மிஷினோட சித்தி பொண்ணுன்னு வெச்சுக்கோயேன்.”

“சித்தி பொண்ணுக்கு எண்ணெய் ஆகாது. ஒட்டிக்கிச்சு.”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் இருவருக்கும் நடுவே மேஜைமேல், கண்ணாடி துடைக்கும் துணி விரித்து, அதன்மேல் என் கேமரா உட்கார்ந்திருந்தது.

மாமா என்றால் அக்காவின் கணவர். சட்டை தைக்கும் ஆலையில் நூற்றிருபது தையல் இயந்திரங்களுக்கு அவர்தான் மெக்கானிக். அங்கே அவருக்குப் பெயர் ‘சொட்டு’. எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்தால் எண்ணித்தான் விடுவார். ஒரு சொட்டு கூடினாலும் துணியில் கறை இறங்கிவிடும், கறை இறங்கிய சட்டை நேராகச் செக்கிங் மேஜைக்குப் போகும், அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவள் என் அக்கா. அவள் கண்ணில் ஒரு கறை பட்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கிப் போட்டுவிடுவாள்; தாலி கட்டியவன் என்றெல்லாம் பார்க்கமாட்டாள். “கல்யாணத்துக்கு அப்புறம்தான் நான் எண்ணவே கத்துக்கிட்டேன்” என்பார் மாமா. என்னை ஊசி என்று கூப்பிடுவது ஒல்லியாக இருப்பதாலா, குத்துவதாலா என்று கேட்டால், “ரெண்டும் ஒரே முனைதானே” என்று நழுவிவிடுவார்.

கேமரா பழையது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கண் வைத்த பெட்டி. மேல்கண் நாம் பார்ப்பதற்கு, கீழ்க்கண் படம் பிடிப்பதற்கு. அந்தக் கீழ்க்கண்ணுக்குள்தான் ஷட்டர் இருக்கிறது. ஜப்பானில் செய்தது, என் அம்மா பிறப்பதற்கு முன்பே செய்தது. வெங்காயத் தோலைவிட மெல்லிய ஐந்து எஃகு இதழ்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, மூடிய கண்ணிமை மாதிரி உட்கார்ந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் ஐந்தும் ஒரே சமயத்தில் விலகி, வெளிச்சத்தை உள்ளே விட்டு, மறுபடி சேர்ந்துகொள்ளும். ஒரு நொடி என்று வளையத்தைத் திருப்பி வைத்தால், உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் ‘ட்ர்ர்ர்ர்’ என்று ஒரு நொடி ஓடித் தீர்ந்த பிறகுதான் மூடும். இதழ்கள் எலும்பு மாதிரி உலர்ந்திருக்கவேண்டும். எண்ணெய் பட்டால், நனைந்த காகிதங்கள்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “ஒரு நொடி போட்டா ஒண்ணேகால் நொடி இழுக்குது” என்று புலம்பினேன். மெக்கானிக் வீட்டில் அப்படிப் புலம்பலாமா? மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து, நான் வேலையில் இருந்தபோது, மாமா முன்கண்ணாடியைத் திருகிக் கழற்றி, அன்போடு, இரண்டு சொட்டு விட்டுவிட்டார்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கேமராவுக்குள் பிலிம் இருந்தது.

கடல் தாண்டி ஒரு புகைப்படப் பள்ளி. இரண்டு வருடப் படிப்பு. விண்ணப்பித்தவர்களில் முப்பது பேரைப் பொறுக்கி, ஆளுக்கு ஒரு பிலிம் சுருள் அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றின்மேலும் ஓர் எண். பன்னிரண்டு படம் பிடிக்கலாம். கழுவாமல், வெட்டாமல், அப்படியே திருப்பி அனுப்பவேண்டும். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாற்றுச் சுருள் கிடையாது. என்ன எடுக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதித்தரச் சொல்லியிருந்தார்கள். ‘என் வாழ்க்கையில் தினமும் வரும் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு நொடி’ என்று எழுதி, கீழே வரிசையாகப் பன்னிரண்டு பேரையும் குறித்திருந்தேன். நான் லென்ஸ் பொருத்தும் கண்ணாடிக்கடையின் முதலாளியம்மா, பேருந்து நடத்துநர், மாடிவீட்டு இரட்டையர்கள், ஐந்தாவது ஆளாக மாமா... பதினொன்று முடிந்துவிட்டது. பன்னிரண்டாவது வரியில் அக்கா. சுருள் நாளை நாலு மணிக்குள் தபாலில் சேரவேண்டும்.

மூன்று வாரமாக அக்கா பிடிகொடுக்கவில்லை. துணி துவைக்கணும் என்பாள், தலை வாரலை என்பாள், தலைவலி என்பாள். போகாதே என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. இன்று காலை என்ன தோன்றியதோ, வேலைக்குக் கிளம்பி நின்றவள் தானாகவே நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு, “சரி, எடுத்துத் தொலை” என்று உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு அசையாமல் யாரும் எனக்கு உட்கார்ந்ததில்லை. பொத்தானை அழுத்தினேன். ‘ட்ர்ர்ர்’ சத்தம் வரவில்லை. அக்கா, “ஆச்சா?” என்று எழுந்து பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்து இதழ்களும் மூடியபடி, மழையில் நனைந்த தகரம்போல மின்னிக்கொண்டிருந்தன. திறக்கவே இல்லை. பன்னிரண்டாவது கட்டம் உள்ளே இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. அது ஒன்றுதான் நல்ல செய்தி.

கடைக்கு லீவு சொல்லிவிட்டு ரிப்பேர்க்காரரிடம் ஓடினேன். பின்மூடியைத் திறக்காமல் கைவைக்க முடியாது, மூன்று வாரம் ஆகும் என்றார். பிலிமை இருட்டில் கழற்றித் திரும்பச் சுற்றலாமே என்றார். சுற்றலாம், சுற்றும்போது மடிந்தால் பதினொன்றும் போகும். கேமராவை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். நாமே செய்வது என்று வழியிலேயே முடிவாகிவிட்டது. மாமாவின் காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். வாசலிலேயே காத்திருந்து பிடித்துக்கொண்டேன்.

“சரி, திட்டினது போதும். என்ன செய்யணும் சொல்லு” என்றார் மாமா.

“முதல்ல வெளிச்சத்துல முன்கண்ணாடியைக் கழட்டணும். இதழ் மூடியிருக்கிறதால பிலிமுக்கு ஒண்ணும் ஆகாது. அப்புறம் இருட்டுல, இதழைத் திறந்து மூடித் திறந்து மூடி, எண்ணெயை எடுக்கணும். இதழ் திறந்திருக்கும்போது துளி வெளிச்சம் பட்டாலும் பன்னிரண்டாவது கட்டம் காலி.”

“இருட்டுலயா? எனக்கு வெளிச்சத்துலயே உன் அக்கா வெச்ச பொருள் கிடைக்காது.”

ஆனால் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கடையிலிருந்து என் சின்னத் திருப்புளிகளையும் இடுக்கியையும் கொண்டுவந்திருந்தேன். கண்ணாடியின் விளிம்பில் நகப்பூச்சால் ஓர் அடையாளம் வைத்துவிட்டு, வழுக்காமலிருக்க ஒரு ரப்பர் மூடியை அதன்மேல் அழுத்தித் திருகினேன். அது இதற்காகவே காத்திருந்ததுபோலச் சுழன்று வந்துவிட்டது. உள்ளே பார்த்தேன். இதழ்களின்மேல் எண்ணெய் தேங்கிக் கிடந்தது. வளையத்தின் பள்ளத்தில்கூட ஒரு கோடாக நின்றது.

மாமா கழுத்தை நீட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு மறுபடி பார்த்தார்.

“என்ன மாமா?”

“ஒண்ணுமில்ல.”

“சொல்லுங்க.”

“இது ரெண்டு சொட்டு இல்ல, ஊசி. பத்து இருக்கும்.”

“அப்ப?”

“குப்பி வாய் விரிஞ்சிருக்கும். கை நடுங்கியிருக்கும். வயசாகுதில்ல?” என்று எழுந்து போய் வாளியைத் தேட ஆரம்பித்தார். இருபது வருடத்தில் அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. வீட்டில் இருப்பதோ மூன்று பேர். நான் அதை அப்போது யோசிக்க விரும்பவில்லை. மணி மூன்றாகியிருந்தது. ஐந்தரைக்கு மேல் ஜன்னலில் வெளிச்சம் நிற்காது.

குளியலறைதான் இருட்டறை. கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் கறுப்புத் துணியை மூன்று மடிப்பாக்கி, காற்றுப்போக்கியில் ஆணியடித்தோம். கதவுக்கடியில் ஈரத் துண்டைத் திணித்தோம். கதவின் தாழ்ப்பாள் உடைந்து பல மாதமாகிறது. அதை யார் சரிசெய்யவேண்டும் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதனால் மாமா கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். கவிழ்த்த வாளிமேல் கேமரா மல்லாந்து படுத்திருந்தது. இந்தப் பக்கம் நான். பக்கத்தில் லைட்டரில் ஊற்றும் பெட்ரோல், மெல்லிய தூரிகை, குச்சியில் சுற்றிய பஞ்சு, சிறுசிறு கீற்றாக வெட்டிய ஒற்றுத்தாள்.

விளக்கை அணைத்ததும் ஒருவருக்கொருவர் காணாமல்போனோம். ஐந்து நிமிடம் அப்படியே இருந்து, எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தோம்.

“ஊசி, என் மூக்கு இருக்கா?”

“பெட்ரோல் வாசம் வருதா?”

“வருது.”

“அப்ப இருக்கு.”

வேலை இப்படி: மாமா ஷட்டரின் ஸ்பிரிங்கை முறுக்கும் சின்ன நெம்பியை இழுத்து, பொத்தானை அழுத்தவேண்டும். நான் தூரிகையில் ஒரு துளி பெட்ரோல் எடுத்து இதழ்மேல் வைத்து, ஒற்றுத்தாளால் எடுத்துவிட்டு, “ம்” என்பேன். அவர் அழுத்துவார். முதல் ஆறு தடவை ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவது தடவை என் விரல்நுனிக்குக் கீழே ஏதோ ஒன்று, தூக்கத்தில் புரள்பவரைப்போல, மெல்ல விலகியது. விலகி, பாதியில் நின்றது.

“தொறந்துடுச்சு” என்று கிசுகிசுத்தேன். ஏன் கிசுகிசுத்தேன் என்று தெரியவில்லை. வெளிச்சத்துக்குக் காது கேட்காது.

இருபது தடவை. முப்பது. விரலுக்குக் கண் முளைத்துவிட்டது. இந்த ஐந்து இதழ்களையும் முதன்முதலாக ஆணியில் கோத்தவரை நினைத்துக்கொண்டேன். எங்கோ ஒரு நீண்ட மேஜை, வரிசையாக விளக்குகள், என் வயதில் ஒருத்தி. கையில் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது என்று அடிக்கடி சோப்புப் போட்டு விரல் வெடித்திருக்கும். தன் இதழ்கள் எந்த நாட்டில், எந்தக் குளியலறையில், யார் வாளிமேல் கிடக்கும் என்று அவள் யோசித்திருக்க நியாயமில்லை. அன்றைக்கு நூறு ஷட்டர் முடிக்கவேண்டும், வீட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான் இருந்திருக்கும்.

“தூங்கிட்டியா?”

“இல்ல. அழுத்திப் பிடிங்க. விடாதீங்க. இதழ் திறந்தே இருக்கட்டும், பின்கண்ணாடியில எண்ணெய் இறங்கியிருக்கும், துடைக்கணும்.”

அவர் பிடித்துக்கொண்டார். வளையத்தை நான் திருப்பி வைத்திருந்த இடத்தில், பொத்தானை விடும்வரை இதழ்கள் மூடாது. பஞ்சை உள்ளே விட்டேன். இப்போது பஞ்சுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரே ஒரு கண்ணாடிதான்.

வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செருப்பு. பை வைக்கும் ஓசை.

“எங்க போனாங்க ரெண்டு பேரும்?” அக்கா குரல். பிறகு குளியலறைக் கதவில் தட்டல். “உள்ள யாரு?”

“நாந்தான்” என்றார் மாமா.

“நானும்தான்” என்றேன்.

கைப்பிடி அசைந்தது.

“கதவைத் தள்ளாத!” என்று நானும் மாமாவும் ஒன்றாகக் கத்தினோம்.

“என்னங்கடா நடக்குது இந்த வீட்டுல?”

“ஷட்டரைத் துடைக்கிறோம். இருட்டுல. கேமரா தொறந்திருக்கு. நீ கதவைத் தள்ளினா பன்னிரண்டாவது படம் போயிடும்” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், யாரிடம் இதைச் சொல்கிறேன் என்று உறைத்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கை மரத்தில் பட்டு நிற்பதை மாமாவின் முதுகு உணர்ந்திருக்கவேண்டும். அவர் இன்னும் அழுத்தமாகச் சாய்ந்தார். பொத்தானை மட்டும் விடவில்லை.

“நல்லாப் பண்ணிக்கிட்டு இருக்கீங்களா?” என்றாள், குரலை இறக்கி.

“பண்ணிக்கிட்டு இருக்கோம்.” பஞ்சை வட்டமாகச் சுழற்றினேன். “அக்கா, எத்தனை சொட்டு விட்ட?”

“ஊசி, நான்தான்...” என்று மாமா இடையில் விழுந்தார்.

“நீங்க ரெண்டுதான் விட்டீங்க மாமா. நீங்க மூணாவது விட்டா உங்க பேரையே மாத்தணும். அக்கா, சொல்லு.”

“எண்ணல” என்றாள் அக்கா.

அவ்வளவுதான் சொல்வாள் என்று நினைத்தேன். கதவின் அந்தப் பக்கம் அவள் சறுக்கி உட்காருவது கேட்டது. கணவன் மனைவி இருவருக்கும் நடுவே இப்போது ஒரு மரப்பலகைதான்.

“உன் மாமா விட்ட ரெண்டு சொட்டுல அது ஓடுச்சுடி. செவ்வாய்க்கிழமை நீ குளிக்கப் போனப்ப பாத்தேன். நீ செய்ற மாதிரி மூடி போட்டு அமுக்கிப் பாத்தேன். இழுக்கல, ஒட்டல, அழகா ஓடுச்சு. இனி எந்தத் தடையும் இல்ல, நான் உட்கார்ந்தா முடிஞ்சுது. அதான் ஊத்தினேன்.”

“ஓடுச்சா?” என்றார் மாமா, தன்னையறியாமல்.

“நீங்க சும்மா இருங்க” என்றோம் இருவரும்.

செவ்வாய்க்கிழமை பத்தாவது படம் முடிந்திருந்தது. மூடி போட்டு அழுத்தினாள் என்றால் வெளிச்சம் புகுந்திருக்காது. புதன்கிழமை பதினொன்றாவது எடுத்தபோது ஷட்டர் ஓடியது என் காதால் கேட்டது; எண்ணெய் இதழ்வரை இறங்க அதற்கு மேலும் நேரம் பிடித்திருக்கிறது. மனதுக்குள் இதையெல்லாம் ஒருமுறை ஓட்டிச் சரிபார்த்தேன். பதினொன்றும் பத்திரம். அதன் பிறகுதான் கோபத்துக்கு இடம் கொடுத்தேன். அது வந்தபோது நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

“காலையில நீயா வந்து உட்கார்ந்தியே. அது?”

“ஓடாதுன்னு தெரிஞ்சுதான்.”

மாமா தொண்டையைச் செருமினார். நான் பஞ்சை வெளியே எடுத்தேன். “விடுங்க மாமா” என்றேன். அவர் பொத்தானை விட்டார். இதழ்கள் ‘டிக்’ என்று மூடின. சுத்தமான, உலர்ந்த ‘டிக்’. அந்தச் சத்தத்தைக் கதவுக்கு வெளியே இருந்தவளும் கேட்டிருப்பாள்.

“இப்ப ஒரு நொடி வெச்சுப் பாப்போம்” என்றேன். வளையத்தில் எண்கள் தெரியாது. கடைசிவரை திருப்பினால் ஒன்று.

‘ட்ர்ர்ர்...ர்ர்...டிக்.’

“நடுவுல ஒரு பல்லு இழுக்குது” என்றார் மாமா உடனே. அவருக்கு இப்போதுதான் உயிர் வந்தது. “அந்த ஓரமா, என் பக்கம். தூரிகையைக் குடு. நூத்திருபது மிஷின் ஒண்ணா ஓடும்போதே எது முனகுதுன்னு சொல்லுவேன், இது தனியா முனகுது.”

தூரிகையை அவர் விரலில் வைத்தேன். அவர் துடைத்தார், அழுத்தினார், கேட்டார். மறுபடி துடைத்தார். எட்டாவது தடவை சத்தம் ஒரே இழையாக, ஆரம்பித்த மாதிரியே முடிந்தது.

“இப்ப இதுக்கு எண்ணெய்...”

“மாமா!”

“கேட்டேன். கேக்கக்கூடாதா?”

இருட்டிலேயே முன்கண்ணாடியைப் பொருத்தித் திருகினேன், அடையாளத்தை நகத்தால் தடவிப் பார்த்து. மூடியைப் போட்டேன். மாமா எழுந்து கதவைத் திறந்தபோது வெளிச்சம் அறைந்தது. அக்கா அங்கே இல்லை.

சமையலறையில் இருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவித் துடைத்து வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். ஆலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. சட்டைப்பையின் விளிம்பில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் மடங்கி ஒட்டியிருந்தது. மாமா ஒரு கணம் வாசலில் நின்றார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, அதற்கு அவசரமாக ஏதோ வேலை இருப்பதுபோலக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மணி ஐந்து பத்து. தொட்டிக்கு மேலிருந்த ஜன்னலில் வெளிச்சம் பழுத்து, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தை அளக்கும் மானியைப் பிடித்துப் பார்த்தேன். லென்ஸின் துளையைச் சின்னதாக்கினால் ஒரு நொடிக்குச் சரியாக இருக்கும். இன்னும் இருபது நிமிடம் போனால் இருக்காது. முக்காலியை விரித்து, கேமராவைப் பூட்டி, மேல்கண்ணாடியில் குனிந்தேன். அக்காவின் பின்னங்கழுத்து, அவிழ்ந்த முடி, நுரை வழியும் முழங்கை. நெம்பியை இழுத்துவைத்தேன்.

“கதவை நீ தள்ளியிருக்கலாம்” என்றேன்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

“மாமாவை எடுக்க மாட்டேன். பக்கத்துவீட்டு ஆளக் கூப்பிட மாட்டேன். உன் முதுகையும் எடுக்க மாட்டேன். நீதான்னு எழுதிக் குடுத்துட்டேன். வெறும் கட்டமா போனா போகட்டும், நாளைக்கு அப்படியே அனுப்புவேன், அவங்க தள்ளிடுவாங்க, திங்கக்கிழமை கடைக்குப் போவேன். அடுத்த வருஷமும் எழுதிப் போடுவேன். அப்பவும் பன்னிரண்டாவது வரியில உன்னைத்தான் எழுதுவேன்.”

அவள் கை நின்றது. குழாயை மூடினாள். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடியே நின்றாள்.

நான் கேமரா மூடியைக் கழற்றினேன்.

“அக்கா, இந்தப் பக்கம் திரும்பேன்.”